உன் கையிலுள்ள கொடுமை

நீ அந்தப் பெண்ணை அடித்தாய். கையை விரித்து, இடது காதோடு சேர்த்து, நீ மேற்பார்க்கும் தையல் லைனில் முப்பது பேர் பார்க்க அடித்தாய். முதல் நாள் கேட்டபோது "தள்ளுனேனுங்கம்மா" என்றாய். மறுநாள் "கை பட்டுருச்சு" என்றாய். அதற்கும் மறுநாள், "அந்தப் புள்ளயே ஒண்ணுஞ் சொல்லல, உங்களுக்கு என்னங்கம்மா?" என்றாய். மூன்று நாளில் மூன்று பதில். அடித்தேன் என்ற ஒன்று மட்டும் உன் வாயில் வரவில்லை. அதனால் உனக்குப் பதிலாக நான் அதை முதல் வரியில் எழுதிவிட்டேன்.

நேரில் பேசினால் எழுந்து போகிறாய். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வேறு வழி தெரியாமல்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. அந்தப் பெண்ணை மாலதி என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் இல்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனி என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இது தங்கள் கம்பெனி என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் மகனுக்கு எழுதுகிற தாய்மார் சிக்கனமாக இரு, விட்டுக்கொடுத்துப் போ, மாமனார் வீட்டில் மரியாதையாகப் பேசு என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் நின்றே வேலை செய்த கால் இது. சாயங்காலமானால் முட்டி வீங்கிக்கொள்கிறது. புத்தி சொல்கிற அளவுக்கு நான் யோக்கியமாகவும் வாழவில்லை. என்னிடம் இப்போது இருப்பது ஒரே ஒரு சொல்தான். அதை எங்கே எடுத்தேன் என்று முதலில் சொல்கிறேன்.

போன மாதம் சர்ச்சில் நான் நடத்தும் ஓய்வுநாள் பள்ளியில் நோவாவின் பாடம். வெள்ளம் ஏன் வந்தது என்று பிள்ளைகளைக் கேட்டேன். மனிதர்கள் கெட்டுப்போனதால் என்றார்கள். வேதத்தில் என்ன போட்டிருக்கிறது பாருங்கள் என்று வாசிக்கச் சொன்னேன். பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்று ஒரு பெண்பிள்ளை வாசித்துவிட்டு, "கொடுமைன்னா என்னங்க டீச்சர்?" என்றது. நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. "வெயிலுங்க டீச்சர்!" "கணக்குப் பரீட்சைங்க!" ஒரு வாண்டு எழுந்து இடுப்பில் கை வைத்து, "எங்கம்மா தெனமும் எங்கப்பாவப் பாத்துச் சொல்லுமுங்க, 'இந்தக் கொடுமைய நான் எங்க போயிச் சொல்லுவேன்'னு" என்றதும் எல்லாம் உருண்டு சிரித்தன. நானும் சிரித்தேன். அப்புறம் "கெட்டது செய்யறதுக்குப் பேருதான் கொடுமை" என்று ஒப்பேற்றிவிட்டுப் பேழைக் கதைக்குப் போய்விட்டேன். ஆனால் மனசு அங்கேயே நின்றுவிட்டது. உலகத்தையே தண்ணீரில் அமுக்க வைத்த ஒரு குற்றத்துக்கு என்னால் அர்த்தம் சொல்ல முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் நம் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். உனக்குத் தெரியும், அவர் உன்னைவிட இரண்டு வயது பெரியவராக இருந்தால் அதிகம். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு இன்னும் போகவில்லை. "டீச்சர், அது லேசுப்பட்ட வார்த்தை இல்ல பாத்துக்கிடுங்க" என்று அங்கியைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எபிரேயச் சொல்லையும் சொன்னார். அது என் நாக்கில் நிற்கவில்லை. கோபத்தில் வாய் தவறிப் பேசுவதோ மழை பொய்ப்பதோ அந்தச் சொல்லில் அடங்காதாம். பலம் உள்ளவன் பலம் இல்லாதவனுக்கு, தட்டிக் கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தே செய்வதுதான் அதுவாம். கையால் அடிப்பது, கொல்வது, பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் வரும். "இன்னொண்ணும் வரும் டீச்சர். பொய்ச்சாட்சி. நியாயப்பிரமாணத்துல பொய்ச்சாட்சிக்காரனுக்கும் இதே சொல்லுதான். அடிச்சவனுக்கும், அடிக்கலன்னு சாட்சி சொன்னவனுக்கும் வேதத்துல ஒரே வார்த்தை." சர்ச்சில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

ஏன் வியர்த்தது என்று உனக்குத் தெரியும். சாட்சி சொல்ல முதலில் பழக்கியது உன்னைத்தான். உனக்கு அப்போது ஏழு வயது. உன் அப்பா என் உதட்டைக் கிழித்திருந்தார். உன் மாமன் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் உன்னை இழுத்து வைத்துச் சொன்னேன்: "மாமன் கேட்டா, அம்மா பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்கன்னு சொல்லோணும். என்ன சொல்லோணும்?" நீ திருப்பிச் சொன்னாய். மாமன் கேட்டபோது இன்னும் நன்றாகச் சொன்னாய். அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் "இங்கதான் மாமா சோப்பு கெடந்துச்சு" என்று இடத்தைக்கூடக் காட்டினாய். அவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் உன் தலையைத் தடவி, "நல்லாச் சொன்னே சாமி" என்றேன். உன் அப்பா செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அவர் அடித்தது எனக்கு முக்கால்வாசி மறந்துவிட்டது. நான் உன்னைப் பாராட்டியது மறக்கவில்லை. அடிப்பது தப்பு என்று நான் உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். அன்றைக்கு நீ கற்றுக்கொண்டது வேறு. அடி ஒரு பெரிய விஷயம் இல்லை, அடுத்து என்ன சொல்கிறோம் என்பதுதான் விஷயம் என்று கற்றுக்கொண்டாய். அந்தப் பாடத்தைத்தான் இந்த மூன்று நாளும் என்னிடமே ஒப்பித்தாய்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் செய்தது இன்னும் மோசம். பையர் ஆட்கள் ஆடிட் வருவதற்கு முன் தொழிலாளிகளைத் தயார் செய்ய வேண்டும் என்று மேனேஜர் அலைந்துகொண்டிருந்தார். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் அனுப்பும் ஆட்கள் தனி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒருத்தி உளறினால் ஆர்டர் போய்விடும். "ஏனுங்க டீச்சரம்மா, சர்ச்சுல கொழந்தைகளுக்கு நீங்க வசனம் சொல்லிக் குடுத்தா ஒரு எழுத்துப் பிசகாதாமா? இதையும் அதே மாதிரி பாத்து உடுங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. செக்கிங்கில் தைத்த பீஸ் பார்த்துக்கொண்டிருந்த பொம்பளையை மேனேஜர் டீச்சரம்மா என்கிறார். வசனம் சொல்லிக் கொடுக்கிற அதே முறையில் சொல்லிக் கொடுத்தேன். முதலில் இரண்டு வார்த்தை, அப்புறம் நாலு, அப்புறம் முழு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கைதட்டல். ஓவர்டைம் நாங்கள் விரும்பித்தான் செய்கிறோம். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போகத் தடை இல்லை. இங்கே யாரும் எங்களை அடிப்பதில்லை, மரியாதையாக நடத்துகிறார்கள். ஒரு வாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தூக்கத்தில் கேட்டாலும் சொன்னார்கள். அந்த வருஷமே என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உன் பாலிடெக்னிக் அந்தச் சம்பளத்தில் படித்ததுதான்.

அந்த வகுப்பில் மரகதம் என்று ஒருத்தி இருந்தாள். கட்டிங்கில் இருந்தவன் இரும்பு ஸ்கேலால் அவள் மணிக்கட்டில் அடித்திருந்தான். வீங்கிய கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, இத ஆடிட்ல சொல்லட்டுமுங்களா?" என்று கேட்டாள். அனுமதி கேட்டாள், தெரிகிறதா? வேறு யாரிடமும் கேட்கவில்லை, நான் சர்ச்சுக்குப் போகிற பொம்பளை என்று என்னிடம் கேட்டாள். "இந்த ஆர்டர் போயிட்டா நாப்பது ஊட்டுல அடுப்பு எரியாது மரகதம்" என்றேன். அவள் தலைப்பை மறுபடியும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஆடிட் அன்று பிசகாமல் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பெருமாநல்லூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்தாள். பக்கத்தில் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்று, "இங்கே யாரும் எங்களை அடிப்பதில்லை, மரியாதையாக நடத்துகிறார்கள். செரியா சொன்னேனுங்களா டீச்சரம்மா? இன்னும் மறக்கல" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏறவில்லை.

இவ்வளவு தெரிந்தும் நீ கூப்பிட்டபோது உன் கம்பெனிக்கு வந்தேனே, அதைச் சொல்ல வேண்டும். "ஆடிட் வருதுங்கம்மா. பாதிப் பேரு ஒடிசா, பீகாரு. தமிழே வல்ல. நீங்க வந்து ஒரு நாள் சொல்லிக் குடுத்தீங்கன்னாப் போதும்" என்றாய். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு மறுபடியும் ஒரு தேவை வந்ததில் சந்தோஷம். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, உன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கேன்டீனில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தாய். நீ கதவுப் பக்கம் நின்றாய்.

மாலதி இரண்டாவது பெஞ்சில் ஓரமாக இருந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். நான் அவளுக்கு இடது பக்கம் நின்று கேள்வி கேட்டேன். சிரித்தாள், பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சிரித்தாள். பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்து, "ஏ புள்ள, மேடம் கேக்கறாங்கல்ல" என்றாள். உடனே அவள் கழுத்தை மட்டும் திருப்பவில்லை; உடம்பையே திருப்பி, வலது காதை எனக்கு நேராக வைத்தாள். யாராவது உன்னை அடித்தார்களா என்று கேட்டேன். "நஹீ மேடம். யாரும் அடிக்கல மேடம். சார் ரொம்ப நல்ல சார்" என்றாள். கடைசி வரி நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. அது அவளாகச் சேர்த்தது. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, கதவுப் பக்கம் உன்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று. நீ கட்டை விரலை உயர்த்திக் காட்டினாய். அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, இத்தனை வருஷம் தப்பான தையலைத் துணியில் கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரியாதா? தெரிந்ததும் நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? கைதட்டினேன். "அப்படித்தான் கண்ணு, சபாஷ்" என்றேன். அடுத்த பெஞ்சுக்குப் போனேன்.

வெளியே வரும்போது துணி மடிக்கிற ஓர் அம்மா பின்னாலேயே வந்து, குழாயடியில் கை கழுவுகிற மாதிரி நின்று சொன்னாள்: "டார்கெட் முடியலைன்னு பீஸ மூஞ்சில வீசுனாருங்க. அது குனிஞ்சு பொறுக்குச்சு. பொறுக்கி நிமிந்தப்ப ஒரே அறை. உங்க பையங்கறதால சொல்றனுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு." நான் சொன்னால் நீ கேட்பாய் என்று அந்த அம்மா நம்புகிறாள்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. "உங்களாலதானுங்கம்மா ஆர்டர் நின்னுச்சு" என்று ஒரு டப்பா இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாய். எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மாலதி தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். ஆறு பேர் இருக்கும் அறை. எனக்கு உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, டீ போட்டுக் கொடுத்தாள். காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சீட்டி, மேடம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. உதட்டைக் குவித்து விசில் அடித்துக் காட்டினாள். எப்போதும் உள்ளே விசில் அடிக்கிறதாம். டாக்டரிடம் கூட்டிப் போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது, எப்படி ஆனது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "கிர் கயீ" என்றாள். டாக்டருக்குப் புரியாதோ என்று தமிழிலும் சொன்னாள்: "விழுந்தேன்." நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அவளோடு வெளியே வந்தேன்.

ஐயர் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். பழைய காலத்தில் தெருவில் அடிபட்டவன், காப்பாற்றுங்கள் என்று கத்துவதற்கே இந்தச் சொல்லைத்தான் கத்துவானாம். கொடுமை, கொடுமை என்று கூவுவான்; காதில் விழுந்தவன் போட்டதைப் போட்டபடி ஓடிவர வேண்டும். யோபு அப்படிக் கூவிக் கேட்பார் இல்லை என்று அழுகிறான். ஒரு தீர்க்கதரிசி கடவுளையே பார்த்து, எத்தனை காலம் இப்படிக் கூவுவது, நீர் காதில் போட்டுக்கொள்ளவில்லையே என்று சண்டை பிடிக்கிறான். அவர்களுக்குக் கூவவாவது வாய் இருந்தது. மாலதியின் வாயில் இருந்ததை எடுத்துவிட்டு அங்கே வேறு வரியை வைத்தவள் நான். இரண்டு வார்த்தை, நாலு வார்த்தை, ஒரு கைதட்டல்.

டாக்டரிடம் போய் வந்த அன்று சாயங்காலம்தான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. "எனக்கு நடக்கற கொடுமை உங்களுக்குத் தெரியுமாங்கம்மா? மணிக்கொருக்கா மேல இருந்து போன் பண்ணி நாயாட்டத் திட்டறான். மூணு ராத்திரி தூங்கல. சரக்கு ஏத்தாமக் கப்பல் போயிருச்சுன்னா என்ற தலைதான் உருளும்" என்றாய். நான் நம்புகிறேன். உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். சாராய் தன் புருஷன் ஆபிரகாமிடம் போய், எனக்கு நேர்ந்த அநியாயம் உம்மேல் வரட்டும் என்று கத்துவாள். தமிழில் அங்கே அநியாயம் என்று போட்டிருக்கிறது. மூலத்தில் இதே சொல்தான் என்றார் ஐயர். கத்திவிட்டு அவள் என்ன செய்தாள்? வேலைக்காரி ஆகாரைப் பாடாய்ப் படுத்தி, வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓட வைத்தாள். அந்த ஆகார் எகிப்துக்காரி. ஊர்விட்டு வந்தவள், பாஷை வேறு, கேட்க ஆள் இல்லை. கொடுமை என்று வாய்விட்டுச் சொல்ல சாராய்க்கு உரிமை இருந்தது. ஆகார் அந்தச் சொல்லைச் சொன்னதாக எங்கும் எழுதவில்லை. உனக்கு மேலே ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் மேலே கடல் தாண்டி ஒருவன் இருக்கிறான். அவர்களைப் பற்றி நீ என்னிடம் வந்து புலம்பலாம். மாலதி உன்னைப் பற்றி யாரிடம் புலம்புவாள்? அவள் டீ போட்டுக் கொடுத்தது உன் அம்மாவுக்கு.

கடைசியாக ஒன்று சொன்னாய்: "நான் ஜெபம் பண்ணிட்டனுங்கம்மா. ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. நீங்க உடுங்க." அப்போது எனக்கு வந்த கோபத்தில் ஒன்று சொன்னேன், நிதானமாக இப்போதும் அதையே சொல்கிறேன். ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் கேட்கவில்லை. நினிவே ராஜாவைப் பார். அந்த ஊர் அழியப் போகிறது என்று யோனா சொன்னதும் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணவில்லை. சிங்காசனத்தை விட்டு இறங்கினான், ராஜ உடுப்பைக் கழற்றினான், எல்லோரும் பார்க்கச் சாம்பலில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சொன்னான், அவரவர் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்புங்கள் என்று. கைகளில் என்று எழுதியிருக்கிறது. மனசில் என்று இல்லை.

கல்யாணக் கோட்டுப் போட்டு போட்டோ அனுப்பியிருந்தாய். நன்றாக இருக்கிறது. தோள்பட்டை மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சரி பண்ணச் சொல். அந்தப் போட்டோவைப் பார்த்தபோது ஒரு சங்கீதம் ஞாபகம் வந்தது. திமிர் பிடித்தவர்களைப் பற்றி, கொடுமை அவர்களை ஆடையைப்போல் மூடிக்கொள்ளும் என்று இருக்கிறது. ஆடை செய்கிற ஊரில் பிழைத்தவள் நான். ஆடை உடம்பில் முளைப்பதில்லை. ஒருவன் வெட்டுகிறான், ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி சரிபார்த்து அனுப்புகிறாள். உன்மேல் இருப்பதை யார் வெட்டினார் என்று எனக்குத் தெரியாது. சரிபார்த்து அனுப்பியது நான். அதனால் கழற்று என்று சொல்கிற உரிமையும் எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. காலை லைன் ஓட ஆரம்பிக்கும் முன், மிஷின்களை நிறுத்தி வைத்து, அந்த முப்பது பேர் முன்னால் "நான் இவளை அடித்தேன், அது குற்றம்" என்று சொல். ஏன் நீயே சொல்ல வேண்டும் என்றால், வேறு யாரும் சொல்ல வழி இல்லை. மாலதியிடம் கேட்டேன். "கம்ப்ளைன்ட் வேணாம் மேடம், வேல போகும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னால் அவள் வேலை போகும். நான் கம்பெனியில் போய்ச் சொன்னாலும் அவள் வேலைதான் போகும். நீ சொன்னால் மட்டும் போவது உன் மரியாதை, இல்லாவிட்டால் உன் வேலை. உனக்குக் கைத்தொழில் இருக்கிறது, வீடு இருக்கிறது, சோறு போட நான் இருக்கிறேன்.

போன புதன்கிழமை உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் எனக்குப் போன் செய்தாள். பாத்திரம், சேலை என்று என்னென்னவோ பேசிவிட்டு, வைப்பதற்கு முன் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அத்தை, அவருக்குக் கோவம் வருமுங்களா?" நான் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் வராது கண்ணு, தங்கமான பையன்" என்றேன். எவ்வளவு சுத்தமாக வந்தது தெரியுமா! இந்த வயசில், இவ்வளவு தெரிந்த பிறகும், கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கிறது. நாளைக்கு அவள் காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாலும், அவள் அண்ணன் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்கும் சொல்லிக் கொடுப்பேன். எனக்கு என்னைத் தெரியும். உன்னைப் பற்றிக்கூட அவ்வளவு பயம் இல்லை. என் வாயை நினைத்துத்தான் பயந்தேன்.

சர்ச்சில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உன் விவாக ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர் சபைமுன் கேட்கும்போது யாரும் பேசுவதில்லை. பேசுகிற வழக்கமும் இல்லை. இரண்டாவது ஞாயிறு அவர் அதைக் கேட்டபோது ஆண்கள் பக்கத்திலிருந்து நீ கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாய். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். நீ நிம்மதியாகத் திரும்பிக்கொண்டாய். அந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு மூன்றாவது முறை. அதற்கு நடுவில் ஐந்து வேலைநாள் இருக்கிறது. ஐந்து காலை லைன் ஓடும். அதில் ஒரு காலையில் நீ சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நான் யாருக்கும் தெரியாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்கு வருவேன். சொல்லாவிட்டால் ஐயர் கேட்டு முடிக்கும்போது நம் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். மாலதி பெயரும் வராது, கம்பெனி பெயரும் வராது. நான் எழுந்தால் உன் பெயரும் என் பெயரும் வரும். நீ செய்ததையும் சொல்வேன், நான் சொல்லிக் கொடுத்ததையும் சொல்வேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு, பிறகு வேண்டுமென்றால் உன்னைக் கட்டிக்கொள்ளட்டும். நான் சண்டைக்காரி இல்லை. எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. எழுந்து நிற்க முட்டி ஒத்துழைக்குமா என்றுகூடத் தெரியவில்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன், இதையாவது படித்துவிட்டுப் பதில் சொல்: ஞாயிற்றுக்கிழமை யார் எழுந்து நிற்பது, நீயா, நானா?